ஹவாய்க்கு எக்செல், ஊருக்கு அட்ஜஸ்ட்

எங்க ஊர் பேரு பாலசமுத்திரம். பேர்லதான் சமுத்திரம், ஊர்ல இருக்கறது ஏரி. எங்க பக்கம் பெரிய ஏரி இருக்கற ஊருக்குச் சமுத்திரம்னு பேர் வெக்கறது வழக்கம், அவ்வளவுதான். சித்தூர் மாவட்டம், ஆந்திரா. வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லைக்கோட்டை மாத்திப் போட்டப்ப திருத்தணி, பள்ளிப்பட்டெல்லாம் அந்தப் பக்கம் போச்சு, நாங்க இந்தப் பக்கமே நின்னுட்டோம். ஃப்ரீமாண்ட்ல யாராவது "உங்களுக்கு எந்த ஊரு?"ன்னு கேட்டு, நான் இதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா அவங்க காபி ஆறிடும். அதனால "சென்னை பக்கம்"னு முடிச்சுக்குவேன்.

இப்ப எதுக்கு இந்தக் கொசுவத்தின்னா, வர்ற தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நண்பர்கள் நாலு குடும்பம் ஹவாய் போறாங்களாம். போன கோடையில நாங்க போயிட்டு வந்ததால, "உன் எக்செல் ஷீட்டை அனுப்புப்பா"ன்னு கேட்டாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து படிச்சேன். படிச்சு முடிச்சப்ப பெருமையா இருக்கும்னு நினைச்சேன். வெக்கமா இருந்துது. அந்த வெக்கத்தைத்தான் எழுதப் போறேன். என்னைத் திட்டிக்கற சாக்குல உங்களையும் திட்டுவேன். கோவிச்சுக்காதீங்க.

ஷீட்ல என்ன இருக்குன்னு சொல்றேன்.

ஒவாஹு தீவுல ஹனாமா பேன்னு ஒரு குடா. பழைய எரிமலை வாய்க்குள்ள கடல் புகுந்து உண்டானது. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் மீனுக்கும் பவளத்துக்கும் லீவு, குளிக்க வர்றவங்களை உள்ள விடமாட்டாங்க. மத்த நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஹவாய் நேரம் காலையில 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தீந்துடும். நாங்க போனப்ப வெளியூர்லேர்ந்து வர்ற பெரியவங்களுக்கு ஆளுக்கு 25 டாலர். உள்ள நுழைஞ்சதும் நேரா தண்ணிக்குப் போயிட முடியாது, 9 நிமிஷம் ஒரு வீடியோ பார்த்தாகணும். பவளத்து மேல நிக்காதே, மீனுக்குத் தீனி போடாதே, ஆமைகிட்டேர்ந்து பத்தடி தள்ளி நில்லு. நானும் தங்கமணியும் பசங்களும் கையைக் கட்டிக்கிட்டு ஒண்ணாங்கிளாஸ் பசங்க மாதிரி உட்கார்ந்து பார்த்தோம். பவளத்தைக் கெடுக்குதுன்னு ரெண்டு ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனை 2021 ஜனவரிலேர்ந்து ஹவாயில விக்கக் கூடாதுன்னு சட்டம். அதுக்காக வீட்ல இருந்த ட்யூபையெல்லாம் திருப்பித் திருப்பிப் படிச்சிருக்கேன்.

அடுத்தது படகு. மூணு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன். எத்தனை பேரை ஏத்துவீங்க? ஏழு வயசுப் பையன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கா? காத்து அதிகமானா பணம் திரும்ப வருமா? அமெரிக்காவுல ஆறு பேருக்கு மேல காசு வாங்கி ஏத்தற படகுன்னா கோஸ்ட் கார்டு சோதனை பண்ணிச் சான்றிதழ் குடுக்கணும், எத்தனை பேர் ஏறலாம்னு அதுலயே இருக்கும். ஷீட்ல அந்த எண்ணிக்கைக்குத் தனியா ஒரு கட்டம், அதுக்கு மஞ்சள் கலர் வேற.

இது கோடைக் கதை. அடுத்து டிசம்பர்.

டிசம்பர்ல ஊருக்குப் போனோம். அங்கேயும் ஒரு இயற்கைச் சுற்றுலா போட்டோம். அதுக்கு நான் போட்ட திட்டம் முழுசையும் எழுதறேன், படிச்சுக்கோங்க.

"மச்சான், ஞாயித்துக்கிழமை பழவேற்காடு ஏரிப் பக்கம் போலாமா?"

"போலாம் மாமா. வண்டி சொல்லிடறேன்."

முடிஞ்சுது.

பழவேற்காடு ஏரி சாதாரண இடம் இல்லீங்க. உவர்நீர் ஏரின்னு எடுத்துக்கிட்டா இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிசு இதுதான். பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல நீட்டமா ஒரு தீவு, அதுதான் ராக்கெட் விடற ஸ்ரீஹரிகோட்டா. ஏரிக்குள்ள இருக்கம், வேநாடுன்னு ஆளுங்க வாழற தீவுகளும் உண்டு. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி மாவட்டம் பிரிச்சதுலேர்ந்து சூளூர்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் திருப்பதி மாவட்டம். எங்க ஊர் சித்தூர்லயே தங்கிடுச்சு. ஆனா தண்ணிக்கு மாவட்டம் தெரியாது. எங்க பக்கத்து மலையில பெய்யற மழை ஒரு பக்கம் கொசஸ்தலையாறா எண்ணூருக்குப் போகும், இன்னொரு பக்கம் ஆரணியாறா பிச்சாட்டூர் அணையைத் தாண்டி இந்தப் பழவேற்காட்டுக்குத்தான் வரும்.

சூளூர்பேட்டையிலேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கால வெட்டிக்கிட்டு ஒரு ரோடு போகுது. குளிர்காலத்துல அதுல நின்னா ரெண்டு பக்கமும் பூநாரை. தூரத்துல பார்த்தா தண்ணி மேல யாரோ ரோஸ் கலர் துணி காயப் போட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் வடக்கால நேலபட்டு ஏரி. அங்க தண்ணிக்குள்ளயே நிக்கற மரங்கள்ல கூழைக்கடா கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். இதுக்காகவே 2001லேர்ந்து சூளூர்பேட்டையில ஃபிளமிங்கோ திருவிழா நடத்த ஆரம்பிச்சாங்க. நடுவுல சில வருஷம் விட்டுப்போயி 2025 ஜனவரியில மறுபடி நடந்துது. சின்ன வயசுல எங்க மொட்டை மாடியிலேர்ந்து ராக்கெட் புகையைக் கிழக்கால பார்த்திருக்கேன். ஆனா அந்தத் தீவைச் சுத்தி இவ்வளவு பறவை இருக்குன்னு நாப்பது வயசு வரைக்கும் எனக்குத் தெரியாது. என் பொண்ணுக்கு ஹவாய் ஆமையோட ஹவாய்ப் பேரு தெரியும். கூழைக்கடாவை நான்தான் "அது என்னமோ கொக்கு"ன்னு சொல்லிக் குடுத்தேன். தப்பா.

சரி, படகுக்கு வருவோம்.

ஊத்துக்கோட்டை, சத்தியவேடு வழியா தடா போயி, அங்கேர்ந்து ஒரு படகுத்துறை. எதுன்னு சொல்ல மாட்டேன், சொல்றதுல நியாயமும் இல்ல. நாங்க பெரியவங்க எட்டு, சின்னது அஞ்சு. படகுல ஏற்கெனவே ஆறு பேர் உட்கார்ந்திருந்தாங்க. மீன் பிடிக்கற படகு, நடுவுல பலகை போட்டு உட்கார இடம் பண்ணியிருந்தாங்க. பலகைக்கு அடியில லைஃப் ஜாக்கெட் நாலு கிடந்துது, அதுல ஒண்ணுக்கு வார் இல்ல. ஆளுக்கு 200 ரூபான்னார் படகுக்காரர். மச்சான் பேரம் பேசி 100க்குக் கொண்டு வந்தான். எல்லாரும் அவனைப் பாராட்டினோம். நானும்தான்.

ஏறினேன். என் பொண்ணு, பதினோரு வயசு, கரையில நின்னுக்கிட்டே, "அப்பா, எங்க ஜாக்கெட் எங்க?"ன்னு கேட்டா.

நான் சொன்ன பதில்: "பக்கம்தாம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மூணு கம்பெனிக்கு மெயில் போட்ட அதே வாய்.

அவ ஏறல. "ஹவாயில இது இல்லாம போகக்கூடாதுன்னு நீதானே சொன்னே"ன்னா. தங்கமணி ஒரு வார்த்தை பேசாம பையனைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டாங்க. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நானும் இறங்கினேன். மச்சானுக்கு வந்துதே கோவம். "மாமா, வருஷத்துக்கு ஒரு வாட்டி வந்துட்டு உங்க அமெரிக்கா கணக்கை இங்க காட்டாதீங்க. நாங்கல்லாம் இதுலதான் போறோம், வர்றோம். உங்க பசங்க உசுரு மட்டும்தான் உசுரா?"ன்னான். என் பசங்களை மட்டும் இறக்கிட்டு அவன் பசங்களைப் படகுலயே விட்டுட்டு நின்னேன் பாருங்க, அதனால அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல.

படகு போச்சு. முக்கால் மணி நேரத்துல பத்திரமா திரும்பி வந்துது. "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலையே?"ன்னான் மச்சான். ஒண்ணும் ஆகல. ஆயிரம் தடவை ஒண்ணும் ஆகாது. அந்த ஆயிரத்தை வெச்சுத்தான் நாம ஆயிரத்தோராவது தடவை ஏறறோம்.

அந்த ஆயிரத்தோராவது தடவைகளோட கணக்கு இது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி ஏரி: 45 பேர். 2011 டிசம்பர் 25, இதே பழவேற்காடு ஏரி, கிறிஸ்துமஸ் லீவுக்குச் சுத்திப் பார்க்க வந்தவங்க: 22 பேர். 2014 ஜனவரி 26, அந்தமான்ல போர்ட் பிளேர் பக்கம் (2024லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம்): 21 பேர், அதுல பெரும்பாலும் தமிழ்நாட்டுலேர்ந்து டூர் போனவங்க. 2023 மே 7, கேரளாவுல தானூர்: 22 பேர், நிறைய குழந்தைங்க. நாலு எடமும் இயற்கையைப் பார்க்கப் போன எடம். நாலும் லீவு மூட்ல கிளம்பின குடும்பங்க. நாங்க போனது டிசம்பர் கடைசி ஞாயிறு. 2011ல அந்த 22 பேர் போனதும் அதே மாதிரி ஒரு டிசம்பர் ஞாயித்துக்கிழமைதான். அந்த விபத்து நடந்தப்ப நான் இங்கேர்ந்து செய்தி படிச்சு "நம்ம ஊரு எப்பங்க திருந்தும்?"னு பெருமூச்சு விட்டவன்.

இதுக்கெல்லாம் வழக்கமா நாம என்ன சொல்லுவோம்? "கவர்மென்ட் சரியில்ல. படகுக்காரங்களுக்குப் பேராசை." நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அவங்க திரும்பி வந்ததும் படகுக்காரர்கிட்ட, "ஏன் சார், இவ்ளோ பேரை ஏத்தலாமா?"ன்னு கேட்டேன். அவர் கோவிச்சுக்கல. பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு சொன்னார்:

"பத்துப் பேரோட நிறுத்தினா ஆளுக்கு நானூறு ஆவும் சார். குடுப்பீங்களா? இருநூறு சொன்னதுக்கே உங்காளு நூறுன்னாரு. நான் ஏத்தலன்னா நீங்க அடுத்த படகுக்குப் போவீங்க."

ஹவாயில ஆளுக்கு 140 டாலர் குடுத்து, இறங்கும்போது இருபது பர்சன்ட் டிப்ஸும் வெச்சுட்டு, "வெரி ப்ரொஃபஷனல்"னு ரிவ்யூ எழுதினவன் நான். அந்த 140 டாலர்ல ஆள் கம்மியா ஏத்தறதுக்கான விலையும், ஜாக்கெட்டுக்கான விலையும், சோதனைக்கான விலையும் சேர்ந்துதான் இருக்கு. இங்க அதே சாமானை நூறு ரூபா கம்மியா வேணும்னு கேட்டது நாங்க. எதைக் குறைச்சு அந்த நூறைக் கழிச்சுக் குடுத்தார்னு யோசிங்க. டாலர்ல சம்பாதிச்சுட்டு வந்து, அவர்கிட்ட பேரம் பேசி ஜெயிச்சதா கை தட்டினோம். சட்டத்தை மீறறது அவர் குத்தம், அதைக் கண்டுக்காதது அதிகாரி குத்தம். அதுக்கு ஆள் ஏத்தி விடறது யார் குத்தம்?

இப்ப நீங்க சொல்லப் போறது எனக்குத் தெரியும்.

"அது அமெரிக்காப்பா. அவங்க ஒழுங்கு ரத்தத்துலயே இருக்கு. நம்மூருக்கு ஒத்துவராது."

ரத்தத்துல எல்லாம் இல்லீங்க. 2019 செப்டம்பர் 2ஆம் தேதி நம்ம கலிபோர்னியாவுலயே, சாண்டா குரூஸ் தீவுக்குப் பக்கத்துல கன்செப்ஷன்னு ஒரு டைவிங் படகு ராத்திரி தீப்பிடிச்சு 34 பேர் செத்தாங்க. ராத்திரி ரோந்துக்கு ஆள் போடல. 2024ல கேப்டனுக்கு நாலு வருஷம் ஜெயில். இங்கயும் ஆளுங்க சோம்பேறித்தனம் பண்றாங்க, சாகறாங்க. அப்புறம் கேஸ் நடக்குது, விதி இறுகுது, பயணி கேள்வி கேக்கறான். ஹனாமா பேயும் ஒரு காலத்துல யார் வேணா எத்தனை பேர் வேணா மிதிச்சுட்டுப் போன எடம்தான். நாசமானதுக்கு அப்புறம் கதவு போட்டாங்க.

அதை விடுங்க. வரிசை, முறை, அளவு இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக் குடுக்கணுமா நமக்கு? பழவேற்காடு ஏரியில தமிழ்நாட்டுப் பக்கத்து மீனவர் ஊர்கள்ல 'பாடு'ன்னு ஒரு முறை தலைமுறையா இருக்கு. இறாலும் மீனும் நல்லா கிடைக்கற எடங்களைப் பிரிச்சு, யார் எந்த நாள் எங்க வலை போடலாம்னு சுழற்சியில முறை வெச்சுக்குவாங்க. இன்னிக்கு உன் முறை இல்லன்னா நீ அங்க வலை போடக் கூடாது, அவ்வளவுதான். (அதுல யாருக்கு இடம், யாருக்கு இல்லங்கறதுல ஜாதிக் கணக்கும் உண்டு. அதை வேற ஒரு நாள் திட்டணும்.) ரெண்டு நாள் முன்னாடி முன்பதிவுன்னு ஹவாய்க்காரன் சொன்னப்ப நான் வாயைப் பிளந்தேன். எங்க ஊர்த் தண்ணி போய்ச் சேர்ற ஏரியிலயே முறை இருந்திருக்கு.

எங்க ஊர் ஏரிக்கும் முறை உண்டு. மதகைத் திறக்க ஒருத்தர்தான். எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணின்னு கணக்கு. எங்க தாத்தாவுக்கு முறை ராத்திரி ரெண்டு மணிக்குன்னா லாந்தர் எடுத்துக்கிட்டுப் போயி காத்துக்கிட்டு நிப்பார். ஒரு மணிக்கே திறந்துக்கலாம்னு எவனாவது 'அட்ஜஸ்ட்' பண்ணினா அடிதடி ஆகி பஞ்சாயத்துல போய் நிக்கும். அவர் பேரன் நான். எனக்கு அட்ஜஸ்ட்தான் நம்ம கலாச்சாரம்னு யார் சொன்னாங்கன்னே தெரியல. லீவுல வர்ற நமக்குத்தான் அது கலாச்சாரம்.

இன்னொரு கட்சி இருக்கு. "அதனாலதான் நாங்க இந்தியா போனா இயற்கை கியற்கைன்னு எங்கயும் போறதில்ல. கோயில், மால், சொந்தக்காரங்க வீடு, திரும்பி வந்துடுவோம்." ரொம்ப சௌகரியமான கட்சி. குழந்தைங்களுக்கு இயற்கைன்னா கோஸ்டாரிகா, சாகசம்னா ஹவாய், ஊருன்னா ஏசி கார் ஜன்னல். பெரிசானதும் அதுங்களுக்கு ஊர் மேல ஒட்டுதல் இல்லையேன்னு நாமளே புலம்புவோம். மதிக்கற எடத்துக்குத்தான் திட்டம் போட்டுப் போவோம். நாம எதுக்குத் திட்டம் போடறோம், எதுக்குப் போடலைங்கறதைப் பசங்க பார்த்துக்கிட்டுத்தான் இருக்குங்க. என் பொண்ணு பார்த்தா.

"மூணு வாரம் லீவுல எங்கப்பா நேரம்?" ஹவாய்க்கு நான் எடுத்துக்கிட்டது ஆறு நாள். அதுக்குத் திட்டம் போட்டது ரெண்டு மாசம். கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

இந்த டிசம்பருக்கு அதே எக்செல்ல ஒரு புது ஷீட் திறந்திருக்கேன். உதவும்னா எடுத்துக்கோங்க.

1. காலம்: பூநாரைக்கு நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரை. புயல் எச்சரிக்கை இருந்தா பயணம் ரத்து, "இவ்ளோ தூரம் வந்துட்டோமே" கிடையாது.

2. கரையிலேர்ந்தே நிறைய பார்க்கலாம். சூளூர்பேட்டை - ஸ்ரீஹரிகோட்டா ரோடு, நேலபட்டு. விடியக்காலையில போகணும். வண்டியை ஓரமா நிறுத்தி, ஹாரன் அடிக்காம, பறவையைக் கிளப்பி விட்டு போட்டோ எடுக்காம.

3. ராக்கெட் விடற நாளா அமைஞ்சா, 2019லேர்ந்து பொதுமக்கள் பார்க்கத் தனியா அரங்கம் இருக்கு. முன்னாடியே பதிவு பண்ணணும், அடையாள அட்டை வேணும்.

4. படகு: அனுமதி இருக்கற எடத்துல மட்டும். மூணு கேள்வி. எத்தனை பேருக்கான படகு? எல்லாருக்கும் ஜாக்கெட் இருக்கா, அதைப் போட்டுத்தான் கிளம்புவோமா? சாயங்காலத்துக்கு முன்னாடி திரும்புவோமா? ஒண்ணுக்கு "இல்ல"ன்னாலும் இறங்கிடணும். நம்ம பசங்களை மட்டும் இல்ல, கூட வந்த எல்லாப் பசங்களையும் இறக்கணும்.

5. பேரம் பேசக் கூடாது. ஆள் கம்மியா ஏத்தினா ஆகற முழு விலையைக் குடுக்கணும்.

6. தீவுங்கள்ல ஆளுங்க வாழறாங்க. பிள்ளைப்பேறுக்கும் அந்தத் தண்ணியைத் தாண்டித்தான் வரணும். நம்ம சாகசம் அவங்களுக்கு பஸ் ஸ்டாண்டு. பார்த்து நடந்துக்கணும், குப்பையைத் திருப்பி எடுத்துட்டு வரணும்.

மச்சான் இன்னும் சரியா பேசறதில்ல. போன வாரம் தங்கமணிகிட்ட போன்ல, "மாமா இந்த வாட்டியும் சட்டம் பேசுவாரா?"ன்னு கேட்டிருக்கான். பேசுவேன்னு சொல்லச் சொல்லிட்டேன். அவன் பசங்க ரெண்டு பேரோட உயரம், எடையும் கேட்டு வாங்கிட்டேன். பசங்க அஞ்சு பேருக்கும் நுரை வெச்ச ஜாக்கெட் வாங்கியாச்சு. எடை கம்மிதான், ஆனா பெட்டியில எடத்தை அடைக்குது. 23 கிலோ பெட்டி ஒண்ணு அதுக்கே போயிடும் போல.

அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப இந்த வருஷம் பாதாம், பிஸ்தா எடுத்துட்டு வரலையாடா?"ன்னாங்க.

இல்லம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.

டிஸ்கி: ஹவாய் ஷீட் கேட்ட நாலு குடும்பத்துக்கும் ரெண்டு ஷீட்டையும் சேர்த்தேதான் அனுப்பியிருக்கேன். ஒண்ணை மட்டும் பிரிச்சுக் குடுக்கறதா இல்ல :-)